எதிர்வீட்டுக்கு வந்த வெள்ளை நாய்

அது 1988-ஆம் வருடம், ஐப்பசி மழைக்காலம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு காலனியில் நாங்கள் குடியிருந்தோம். மொத்தம் முப்பத்தாறு வீடுகள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். காலனி நலச் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். அந்தப் பதவியில் எனக்கு இருந்த தலைவலி முக்கியமாக ஒன்றுதான். அது நாய்.

எங்கள் ஊர் நாயைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீளமான கால். அப்படி இருந்தால்தான் மதிப்பு. ஒரு ஈற்றில் ஏழெட்டுக் குட்டி பிறந்தால் ஒன்றிரண்டுக்குக் காதிலோ முதுகிலோ பழுப்புத் திட்டு விழுந்திருக்கும். திட்டு விழுந்ததை யாரும் வாங்க மாட்டார்கள். சிலர் அந்தக் குட்டிகளைச் சாக்கில் போட்டு எடுத்துவந்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் போவார்கள். ஊருக்கு வெளியே என்றால் எங்கள் காலனி. அதனால் எங்கள் தெருநாய்கள் மற்ற ஊர்த் தெருநாய்கள் மாதிரி இருக்காது. ஒவ்வொன்றும் நல்ல உயரம். துரத்தினால் சைக்கிளை முந்தும்.

அப்போது ஒன்பது நாய்கள் இருந்தன. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது எண்ணுவேன். எது எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று முடிவு செய்ய முடியும். ஒன்று குறைந்தால் அது எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். வெயில் காலத்திலும் கையில் குடையோடுதான் போவேன்.

நகராட்சிக்கு மனு மேல் மனு போட்டேன். ஒரு முறை வந்து இரண்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே புதிதாக மூன்று வந்து சேர்ந்தன. மீந்த சோற்றைத் தெருவில் கொட்டக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டேன். முப்பத்தைந்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் போடவில்லை.

"எல்லாரும் பசிக்குப் பொறந்த உசிருதான சார். நான் கொட்டத்தான் செய்வேன். அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரி. காலனிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் தெருவே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. யார் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும் அவரைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் தரை தட்டும். அவர் தோண்டிய கிணற்றில் பாதி ஆழத்திலேயே ஊற்று வந்துவிட்டது. சாயங்காலம் ஆனால் அவர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். செயலாளரான என் வீட்டு வாசலில் என் செருப்பு மட்டும் கிடக்கும். நான் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். கஷ்டப்பட்டுச் சங்கம் ஆரம்பித்தவன் நான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சத்தமாகப் பேசுவார். வாய் பேசும்போதே கையும் பேசும். மில்லுக்குள்ளே இயந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் சைகைதான். நூல் அறுந்துவிட்டது, மெஷினை நிறுத்து, இங்கே வா, டீ வந்துவிட்டது, மேனேஜர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கைச்சாடை உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. மனைவியைக் கூப்பிடும்போது பெயரும் சொல்வார், கையையும் தலைக்கு மேல் தூக்கித் தொடையில் கொண்டுவந்து தட்டுவார். பார்க்க எனக்கு அசிங்கமாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒரு காலையில் எண்ணினேன். பத்து இருந்தது.

பத்தாவது நாயைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். திட்டே இல்லை. தலையிலிருந்து வால் வரை சுத்த வெள்ளை. மூக்கு செம்பருத்தி மொட்டு நிறம். கழுத்தில் பட்டை கிடந்த தடம் மட்டும் இருந்தது, பட்டை இல்லை. இப்படி ஒரு நாயைப் பெரிய வீடுகளின் கேட்டுக்குள் எட்டி நின்றுதான் பார்த்திருக்கிறோம். அது எங்கள் தெருவில், குப்பைத்தொட்டி பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றது.

தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய்தான் சங்கத்துக்குப் பொருளாளர். அவர் ஊருக்குள் தெரிந்த இடத்தில் எல்லாம் விசாரித்தார். நாய் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்த்தோம். யாரும் தேடி வரவில்லை. அது எங்கள் காலனிக்கு அடித்த அதிர்ஷ்டம் என்று நினைத்தோமே தவிர, இப்படிப்பட்ட நாயை ஒருவரும் ஏன் தேடவில்லை என்று நாங்கள் யோசிக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பு வரும். தெருநாய் என்றால் கல்லை எடுக்கிற ஆட்கள் எல்லாரும் இந்த நாய்க்காகப் போட்டி போட்டார்கள். பேங்க்கில் வேலை பார்த்தவர் தட்டில் பால் வைத்தார். பாய் கறிக்கடையிலிருந்து எலும்பு வாங்கி வந்தார். நாய்களுக்கு எதிராக மனுப் போட்ட நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். மனைவிக்குத் தெரியாமல் அதற்கு ராஜா என்று பெயரும் வைத்தேன். என் வீட்டு வாசலில் அப்படி ஒரு நாய் படுத்திருந்தால் என்ன மதிப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்.

கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. பன்னை எடுத்துக்கொள்ளும், போய்விடும். யார் கூப்பிட்டாலும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தெருமுனையில் நின்று கையைத் தூக்கினால் போதும், எங்கே இருந்தாலும் நாலு கால் பாய்ச்சலில் ஓடிப்போய் அவர் காலடியில் உட்காரும்.

"இது நம்ம ஊரு சாதி நாயில்லா, சார். ஒருத்தன் சொல்லைத்தான் கேக்கும். அது என்னையப் பிடிச்சுக்கிருச்சு. நான் என்ன செய்ய?" என்றார். குரலில் வருத்தம் மாதிரி ஒன்றைக் கலந்திருந்தார். முகத்தில் வருத்தமே இல்லை.

எங்கள் ஊரில் இதை எல்லாரும் சொல்வார்கள். இந்த நாய் ஒரே எஜமானுக்குத்தான் அடங்கும், வேறு யாரையும் சட்டை செய்யாது என்று. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. நாய் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஊற்று அவருக்கு, தெரு ஜனம் அவருக்கு, இப்போது நாயும் அவருக்கு.

நாய் வந்த பிறகு அவர் மதிப்பு இன்னும் ஏறியது. வெள்ளை நாய் முன்னால் போக, மற்ற ஒன்பதும் பின்னால் போகும். அவர் கையைக் காட்டினால் வெள்ளை நிற்கும், அது நின்றால் மற்றவையும் நிற்கும். காலனி நாய்த் தொல்லையே தீர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அவரையே செயலாளர் ஆக்கினால் என்ன என்று பேங்க்காரர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. சொன்னது என் மனைவிதான்.

"அந்த அண்ணன் வந்தா உங்களுக்கும் செத்த நேரம் ஓய்வு கெடைக்கும்ல" என்றாள். அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

கார்த்திகை பிறந்து ஒரு காலை. மழை விட்டு இளவெயில் அடித்தது. பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் வீட்டு வாசலில், கட்டட வேலைக்குக் கொட்டிய மணல்மேட்டில், வெள்ளை நாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. எதிர்வீட்டில் அல்ல, என் வீட்டில். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "ராஜா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். காதை அசைக்கக்கூட இல்லை. தெருவில் யாரும் இல்லை. பால் தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, அதன் முதுகில் கை வைத்தேன்.

அவ்வளவுதான். தூக்கிவாரிப்போட்டது போல் எழுந்து ஒரே கவ்வில் என் முன்கையைக் கடித்தது. உடனே விட்டும்விட்டது. நாலடி தள்ளிப் போய் நின்று என்னைப் பார்த்தது. வால் காலிடுக்கில் போயிருந்தது. பிறகு எதிர்வீட்டுக்குள் ஓடிவிட்டது. கையில் நாலு பல் இறங்கியிருந்தது. பால் மணலில் கொட்டிக் கிடந்தது.

என் மனைவிக்குக் கடியைவிட அதற்கான காரணம்தான் அதிர்ச்சி. "நீங்க போயி நாயத் தடவுனீகளா? நீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். தொப்புளைச் சுற்றி ஊசி, தினம் ஒன்றாகப் பதினான்கு போட வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"நாய் யாருதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"அப்ப ஊசியை ஆரம்பிப்போம். நாயைப் பத்து நாள் கண்ணுலயே வச்சிருங்க. பத்து நாள் கழிச்சும் நல்லா இருந்தா அதுக்கு வெறி இல்ல. மிச்ச ஊசி வேண்டாம். நடுவுல செத்துப்போனாலோ, தொலைஞ்சுபோனாலோ உடனே வந்து சொல்லணும். தயவுசெஞ்சு யாரும் கோவத்துல அதை அடிச்சுக் கொன்னுறாம பாத்துக்கிடுங்க. அது உயிரோட இருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதி."

நாய் செத்தால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் ஊசியை எடுத்தபடி, "அப்ப பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'பார்ப்போம்' எனக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் சில வருடம் முன்பு ஒருவர் வெறிநாய் கடித்து, கடைசியில் தண்ணீரைப் பார்த்தே அலறிச் செத்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

வீடு திரும்பியபோது தெருவில் ஏழு பேர் கம்போடு நின்றார்கள். பாலும் எலும்பும் வைத்த அதே ஆட்கள்தான்.

"செயலாளரையே கடிச்சிருச்சு. இனி விடக் கூடாது" என்றார் பேங்க்காரர்.

என் வாழ்க்கையில் அன்றுதான் நான் ஒரு நாய்க்காக வாதாடினேன். கம்பைக் கீழே போடச் சொன்னேன். ஆளாளுக்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். டாக்டர் சொன்னதை விவரமாகச் சொன்ன பிறகுதான் கம்பைப் போட்டார்கள். "நல்லாருக்குண்ணே. கடிச்ச நாய்க்கு நீங்களே காவலு" என்று பாய் சிரித்தார்.

எதிர்வீட்டுக்காரர் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். கையைப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனால் அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்லயே சார். உங்கள எப்படிக் கடிச்சுது?"

தப்பு என் கையில் இருப்பது போலக் கேட்டார். "உங்க நாயைத்தான் கேக்கணும்" என்றேன். அவர் எழுந்து நின்று, பத்து நாளும் அதைக் கட்டிப் போடுகிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் நான் தினமும் எதிர்வீட்டுப் படி ஏற வேண்டியதாயிற்று. அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டிருந்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி வாங்கிக்கொண்டு, வளைந்தபடியே வந்து, அவர் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். நாய் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பார்ப்பேன். அது தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டால்தான் எனக்கு என் வீட்டில் காபி இறங்கும். ஆனால் என் வீட்டில் காபி குடிக்க விட்டால்தானே. அவர் மனைவி, "உக்காருங்கண்ணே, வந்துட்டேன்" என்று தம்ளரை நீட்டிவிடுவார். எங்கள் வீட்டுக் காபியைவிட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குக் குறைதான்.

ஒரே நாயை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கண்ணில் படாதது படும். மூன்றாம் நாள் மத்தியானம் மில் சங்கு ஊதியது. ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கு. அது ஊதினால் எங்கள் தெருநாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கைத் தூக்கி ஊளையிடும், சங்கு நின்ற பிறகுதான் நிறுத்தும். வழக்கம்போல எண்ணினேன். தெருவில் ஒன்பதும் ஊளையிட்டன. என் காலடியில் வெள்ளை நாய் தூங்கிக்கொண்டிருந்தது. கண் இமைகூட அசையவில்லை.

மறுநாள் சங்குக்கும் அப்படியே. அன்று சாயங்காலம் அவர் மனைவி சமையலறையில் குடத்தைக் கீழே போட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நாய் என்னைத்தான் பார்த்தது, நான் ஏன் எழுந்தேன் என்று.

அப்போது எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாகக் கூடி வந்தது. அது யாரையும் அலட்சியம் செய்யவில்லை. அதற்குக் காது கேட்காது. குட்டியாக இருந்தபோது தெரிந்திருக்காது, வளர்ந்ததும் தெரிந்திருக்கும், கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மணல்மேட்டில் நான் கூப்பிட்டதும் அதற்குத் தெரியாது, குனிந்ததும் தெரியாது. தூக்கத்தில் முதுகில் ஒரு கை விழுந்தால் யார்தான் பதற மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரரை அது தேர்ந்தெடுக்கவும் இல்லை. முப்பத்தாறு வீட்டில் கையால் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நாயைப் பற்றிய கவலை இல்லை. பெரிய சந்தோஷமாக இருந்தது. அவருடைய பெருமை முழுவதும் என் கைக்குள் இருந்தது. சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னால் எப்படி இருக்கும், அவர் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. தெருமுனையில் லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நகராட்சி நாய்வண்டி. காக்கிச் சட்டை போட்ட நாலு பேர், கையில் கம்பிச் சுருக்கு. எட்டு மாதத்துக்கு முன்னால் நான் கொடுத்த மனுவுக்கு அன்றுதான் வந்தார்கள்.

வண்டிச் சத்தத்துக்கே ஒன்பது நாய்களும் மறைந்துவிட்டன. அவற்றுக்கு அந்தச் சத்தம் தெரியும். நான் எதிர்வீட்டைப் பார்த்தேன். கயிறு மட்டும் கிடந்தது. அந்த வேளையில் அவர் மனைவி அதைச் சிறிது நேரம் அவிழ்த்துவிடுவது வழக்கம். தெரு நடுவில், லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெள்ளை நாய் ஒரு வேலியை மோந்துகொண்டு நின்றது. பின்னால் இரண்டு பேர் சுருக்கோடு பதுங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அத்தனை மெதுவாக வந்திருக்க வேண்டியதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருந்தாலும் அதற்குக் கேட்டிருக்காது.

அது வண்டியில் ஏறினால் திரும்பி வராது. பத்து நாளில் ஐந்துதான் ஆகியிருந்தது. வெறியா இல்லையா என்று சொல்ல வேறு வழியே கிடையாது. என் அடிவயிறு ஊசி போட்ட இடத்தில் எல்லாம் குத்தியது.

"விடுங்க, அதை விடுங்க" என்று கத்தினேன். அவர்கள் நிற்கவில்லை. நாய்க்குக் கேட்காது. எதிர்வீட்டுக்காரர் ஷிஃப்ட்டில் இருக்கிறார். கையில் இருந்த குடையை அதன் தலைக்கு மேலே வீசி எறிந்தேன். குடை அதற்கு முன்னால் போய் விழுந்தது. அது சட்டென்று திரும்பிப் பார்த்தது. நான் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, வீசித் தொடையில் தட்டினேன்.

ஓடி வந்தது. நாலு கால் பாய்ச்சலில், சுருக்குக்காரர்கள் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து என்னை நோக்கி வந்தது. வந்து என் காலடியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தது. கடித்த கையைத்தான் அதன் தலையில் வைத்தேன், இந்தத் தடவை அது பார்க்கும்படி.

காக்கிச் சட்டைக்காரர் மூச்சு வாங்க வந்தார். "கழுத்துல லைசென்ஸ் வில்லை இல்லயே. யாரு நாய் இது?"

"என் நாய்" என்றேன்.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செயலாளருன்னு நீங்கதான மனு கொடுத்திருக்கீக? தெருவுல நாயி திரியுதுன்னு?"

"அது வேற நாயி."

"அந்த நாயெல்லாம் எங்க?"

"நீங்க வார சத்தத்துல ஓடிருச்சு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படிச்சவுகதான் சார் எங்களுக்கு வெறி ஏத்துறது" என்று சொல்லிவிட்டு லாரியைத் திருப்பச் சொன்னார்.

வாசல்களில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நாய் என்னிடம் வந்ததையும் பார்த்தார்கள், என் நாய் என்று நான் சொன்னதையும் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்னால் அவருக்குச் செய்தி போய்விட்டது.

என் வீட்டுக்கு வந்தார். நாய் என் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. அவர் உட்காரவில்லை.

"பெரிய உபகாரம் சார்" என்றார். "நீங்க கூப்பிட்டு வந்துச்சாமே. உங்க நாயின்னு சொன்னீகளாமே."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். ஒரு வருடமாக எனக்குள்ளே ஓடிக்கொண்டிருந்த குரல் அது. அவர் கண் நாயின் மேலும் என் மேலும் மாறி மாறிப் போனது. என்மேல் ஒருவர் பொறாமைப்படுவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். இனிப்பாக இருந்தது. சொல்லாமல் இருந்தால் போதும், இது நீடிக்கும். சொன்னால் அவர் பெருமையும் போகும், அரை நாளாக எனக்கு வந்திருந்த பெருமையும் போகும். கை உள்ளவன் எவன் கூப்பிட்டாலும் வருகிற நாய் ஆகிவிடும் அது.

ஆனால் இன்னும் ஐந்து நாள் இருந்தது. இன்னொருவர் போய் அதன் முதுகில் கை வைத்தால், அது மறுபடி கடித்தால், அப்புறம் கம்பை யார் தடுப்பது? என் உயிர் அந்த நாய்க்குள் இருந்தது. அதனால் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. நாய்க்குப் பின்னால் போய் நின்று கை தட்டினார். என் மனைவி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக் கொடுத்தாள். தட்டினார். நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டைத் தரையில் போட்டார். அது திரும்பவில்லை. அவர் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எம் பேச்சு ஒரு வார்த்தைகூட அதுக்குப் போய்ச் சேரல" என்றார். "நான் அது கூட எம்புட்டுப் பேசியிருக்கேன் சார்."

எழுந்து நாய்க்கு முன்னால் வந்து நின்றார். கையை உயர்த்திக் காட்டி, நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிச்ச ஐந்து நாளும் நான் போய் உட்கார்ந்தேன். நாய் தின்றது, குடித்தது, தூங்கியது. பத்தாம் நாள் முடிந்ததும் டாக்டர் என் வயிற்றைப் பார்த்து, போதும், இனி வர வேண்டாம் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் வழியே அடித்த சாரலைக்கூட நான் துடைக்கவில்லை. தண்ணீர் என் முகத்தில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். தெருவே அண்ணாந்து பார்க்கிற நாய், அதைக் குறையுள்ள நாய் என்று எவன் வெளியில் சொல்வான்? நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"இதுக்குக் காது கேக்காது. சார்தான் கண்டுபிடிச்சார். யாரும் பின்னாடி போயித் தொடாதீக. முன்னால வந்து நின்னு, இந்தா, இப்பிடிக் கையத் தூக்கி இறக்குங்க, வரும். யாரு கூப்பிட்டாலும் வரும்."

"அப்ப சொத்த நாயா மேஸ்திரி? அதான பாத்தேன்" என்றார் பேங்க்காரர்.

"ஆமா சார், சொத்ததான். இல்லேன்னா நம்ம தெருவுக்கு வருமா? நம்ம தெருவுல கெடக்குற எல்லாமே எவனோ கழிச்சு விட்டதுதான" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பிறகு ஒவ்வொருவரையும் எழுந்து நிற்க வைத்து அந்தச் சைகையைப் பழக்கினார். கை அதிகம் மடங்கினால் திருத்தினார். பாய் கையைத் தூக்கினார், நாய் போனது. பேங்க்காரர் மனைவி தூக்கினார், நாய் போனது. தன்னிடம் மட்டும் ஓடி வந்துகொண்டிருந்த நாய், தன் கண் முன்னால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் ஓடுவதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று மட்டும்தான் கவனித்தார். அடுத்த வருடம் செயலாளர் பதவியைக் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாய் அதன்பின் ஆறு வருடம் எங்கள் காலனியில் இருந்தது. கட்டிப் போட்டதில்லை, ஒருவரையும் கடித்ததில்லை. யார் கை தூக்கினாலும் போகும். நான் தூக்கினாலும் வரும். ஆனால் என்னிடம் வருவதைவிட அவரிடம் போகும்போது ஓட்டத்தில் வேகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பல முறை கவனித்துப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பணி ஓய்வு பெற்று நாங்கள் மகன் வீட்டோடு வந்துவிட்டோம். எழுபதைத் தாண்டிய இந்த வயதுக்குள் நான் எத்தனையோ பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். வீடு, பதவி, பிள்ளைகளின் சம்பாத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இருந்தார், நாளாவட்டத்தில் அதெல்லாம் தேய்ந்துவிட்டது. தனக்கென்று இருந்த ஒரு பெருமையை முப்பத்தாறு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போன அந்த மனிதர் மேல் இருக்கும் பொறாமை மட்டும் இன்னும் தேயவில்லை, தேய வேண்டாம் என்றுதான் நானும் விட்டுவைத்திருக்கிறேன்.